பாறைமேல் நின்ற குருவானவர்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கெட்டிஸ்பர்க் என்னும் பழைய போர்க்களத்தில், குதிரைமீது அமர்ந்த தளபதிகளின் சிலைகளுக்கு நடுவே ஒரு கத்தோலிக்கக் குருவானவரின் வெண்கலச் சிலையும் நிற்கிறது. 1910-இல் நிறுவப்பட்ட அச்சிலையின் கையில் வாள் இல்லை. வலக்கரம் மட்டும் உயர்ந்திருக்கிறது. அவர் திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த அருள்தந்தை வில்லியம் கார்பி. அக்கரம் யார் மேல் உயர்ந்தது என்பதை அறிய வேண்டுமானால், நியூயார்க் நகரின் 69-ஆம் தொண்டர் காலாட்படை ரெஜிமென்ட்டின் கதைக்கு நாம் செல்ல வேண்டும்.

1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்திற்குத் தப்பிக் கப்பலேறிய அயர்லாந்து மக்களை அமெரிக்கா அன்போடு வரவேற்கவில்லை. வறியவர், அந்நியர், போப்பாண்டவருக்கு அடங்கியவர் என்று அவர்களை ஏளனம் செய்தது. 1844-இல் பிலடெல்பியாவில் கத்தோலிக்க ஆலயங்கள் தீக்கிரையாயின. 1860-இல் இங்கிலாந்து இளவரசர் நியூயார்க் வந்தபோது, ஐரிஷ்காரர் நிறைந்த 69-ஆம் படையை அணிவகுப்பிற்கு அனுப்ப அதன் தலைவர் மைக்கேல் கார்க்கரன் மறுத்தார். அவர்மீது இராணுவ விசாரணை நடந்துகொண்டிருக்கையில் 1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்டது. அரசுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர், குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. நேற்றுவரை நம்பத்தகாதவர்களாய் இருந்தோர் ஒரே நாளில் வேண்டியவர்களானார்கள்!

முதற்போரான புல்ரன்னில் கார்க்கரன் சிறைப்பட்டார். அப்படையின் மூன்று மாதத் தவணை முடிந்ததும், வீரர் பலர் புதிய 69-ஆம் தொண்டர் ரெஜிமென்ட்டில் மீண்டும் பெயர் கொடுத்தனர். தாமஸ் பிரான்சிஸ் மேயர் என்பவர் இதனுடன் 63, 88-ஆம் ரெஜிமென்ட்டுகளையும் இணைத்து ஐரிஷ் பிரிகேட்டை உருவாக்கினார். 1861 நவம்பரில், மேடிசன் அவென்யூவில் பேராயர் ஜான் ஹியூஸின் இல்லத்தின் முன் இப்படைகளுக்குக் கொடிகள் அளிக்கப்பட்டன. அந்த வீட்டு வாசலை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

அவர்கள் எதற்காகப் போனார்கள்? மாதச் சம்பளத்திற்காகச் சிலர். போர்ப்பயிற்சி பெற்றுப் பின்னர் அயர்லாந்தை விடுவிக்கும் கனவோடு சிலர். இந்நாட்டிற்கு நாங்களும் உரியவர்கள் என்று மெய்ப்பிக்கவும் பலர். அடிமைத்தளையை ஒழிப்பதற்காகச் சென்றவர்கள் மிகச் சிலரே. இதை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

1862 செப்டம்பர் 17-இல் ஆன்டீட்டம் களத்தில் இந்த ஒரு ரெஜிமென்ட் மட்டும் 196 பேரைச் சாவிலும் காயத்திலும் இழந்தது. அதே ஆண்டு டிசம்பர் 13-இல் ஃபிரெட்ரிக்ஸ்பர்க். கிழிந்த பச்சைக்கொடிகள் ஊருக்கு அனுப்பப்பட்டிருந்தன; புதியவை வந்து சேரவில்லை. ஆகவே, தாங்கள் யார் என்று தெரிய வீரர்கள் தொப்பியில் பசுந்தழைக் கொத்தைச் செருகிக்கொண்டு, மேட்டின்மேலிருந்த கற்சுவரை நோக்கி ஏறினார்கள். பிரிகேட்டில் ஏறத்தாழ 1,200 பேர் சென்றனர். 545 பேர் வீழ்ந்தனர். சுவருக்கு அப்பால் நின்று சுட்ட ஜார்ஜியாப் படையொன்றின் கர்னல் ராபர்ட் மக்மில்லனும் அயர்லாந்தில் பிறந்தவரே.

1863 ஜூலை 2. கெட்டிஸ்பர்க்கில் பிரிகேட்டின் ஐந்து ரெஜிமென்ட்டுகளிலும் சேர்த்து எஞ்சியிருந்தோர் சுமார் 530 பேர். கோதுமை வயலுக்குள் புகும் கட்டளை வரப்போகிறது. ஒவ்வொருவராய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய நேரமில்லை. 88-ஆம் ரெஜிமென்ட்டின் ஆன்மகுருவாகிய கார்பி அடிகளார் ஒரு பாறைமேல் ஏறி, மனத்துயர் முயற்சி செய்யும்படி கூறி, பொதுப் பாவமன்னிப்பு அளித்தார். வீரர்கள் முழந்தாளிட்டுத் தலைகவிழ்ந்தனர். கத்தோலிக்கரல்லாத தளபதி ஹான்காக்கும் தொப்பியைக் கழற்றி நின்றார். பிறகு அவர்கள் எழுந்து போனார்கள். ஏறத்தாழ இருநூறு பேர் மாண்டோ, காயமுற்றோ, காணாமலோ போயினர். முப்பதாண்டு கழித்து வெளியிட்ட தம் நினைவுநூலில், அம்மன்னிப்பு தம் படைக்கு மட்டுமன்று, ஆண்டவர்முன் நிற்கப்போகும் வடவர், தென்னவர் எல்லாருக்குமே என்று அடிகளார் எழுதினார். எதிரியின் துப்பாக்கி நீண்டிருக்கையில் அவனுக்காகவும் உயர்ந்த கரம் அது.

இத்துடன் நிறுத்தினால் நமக்கு எளிது. பிரசங்கங்களுக்கும் அதுவே போதுமானது. ஆனால், பதினொரு நாள் கழித்து, ஜூலை 13-இல், நியூயார்க்கில் கலகம் வெடித்தது. கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் வந்திருந்தது. 300 டாலர் கட்டினால் செல்வர் தப்பிக்கலாம். அது ஏழைகளுக்கு இழைத்த அநீதிதான். எனினும் கோபம் பாய்ந்த இடம் வேறு. அவ்வாண்டு சனவரியில் விடுதலை அறிவிக்கப்பட்ட கறுப்பின மக்கள் தங்கள் வேலையைப் பறிப்பார்கள் என்று அஞ்சிய கும்பல், ஐந்தாம் அவென்யூவிலிருந்த கறுப்பினச் சிறார் அநாதை இல்லத்தைக் கொள்ளையிட்டு எரித்தது. உள்ளிருந்த 233 குழந்தைகளும் வேறு வழியாக வெளியேற்றப்பட்டு உயிர் பிழைத்தனர். நான்கு நாள்களில் நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் குறைந்தது பதினொருவர் கும்பலால் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர். கும்பலில் பெரும்பங்கினர் ஐரிஷ்காரர். அவர்களை அடக்கிய காவலரிலும் ஐரிஷ்காரர் பலர் உண்டு. 69-ஆம் படைக்குப் பிள்ளைகளை அனுப்பிய அதே பங்குகளின் மக்கள் தாம் இவர்கள். ஆலயங்கள் எரிந்த நெருப்பை மறவாதவர்கள், அநாதைகளின் கூரையில் தீ வைத்தனர்.

ஜூலை 17-இல் பேராயர் ஹியூஸ், நாம் முன்னே குறிப்பிட்ட அதே இல்லத்தின் மேல்மாடத்தில், நோயினால் அமர்ந்தபடியே, திரண்டிருந்த ஆயிரக்கணக்கானோரிடம் பேசினார். அமைதியாய் வீடு திரும்பக் கேட்டுக்கொண்டார், அவர்களும் திரும்பினர். ஆனால், தம்முன் ஒரு கலகக்காரர் முகத்தையும் தாம் காணவில்லை என்றும் அவர் சொன்னார். மக்களைச் சாந்தப்படுத்தவே அப்படிப் பேசினார் என்பர். இருக்கலாம். எரிந்த இல்லத்திலிருந்து அவ்வாசல் நெடுந்தொலைவில் இல்லை என்பதும் நமக்குத் தோன்றாமல் இல்லை.

1864 சனவரி 3-இல் பேராயர் காலமானார். மீண்டும் போருக்குச் செல்லக் கையொப்பமிட்ட 69-ஆம் ரெஜிமென்ட்டின் எஞ்சிய வீரர்கள், அம்மாதம் விடுப்பில் நியூயார்க்கிற்கு வந்திருந்தார்கள். வீழ்ந்தோரின் இடத்தை நிரப்ப அவர்களுக்கு ஆட்கள் வேண்டியிருந்தது.