நெல்லை மண்ணில் உறங்கும் அயர்லாந்தர் இருவர்

மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் புனித பேட்ரிக்கின் திருநாள். நமது ஆலயங்களில் அன்று அவர் பெயர் திருப்பலி மன்றாட்டில் வந்து போவதோடு சரி. அமெரிக்க நகரங்களிலோ அது பெருவிழா. நியூயார்க்கில் 1762ஆம் ஆண்டு முதல் ஊர்வலம் நடக்கிறது. சிகாகோவில் ஆற்றுநீரையே பச்சை வண்ணமாக்கும் வழக்கம் 1962இல் தொடங்கியது. அந்நாள்களில் அயர்லாந்து வழிவந்தோர் கூடித் தம் இனத்தில் தோன்றிப் பொதுவாழ்வில் நற்பணி புரிந்தவர்களை மேடையேற்றிப் பாராட்டுகின்றனர். மேயர், நீதிபதி, காவலர், தீயணைப்பு வீரர், பள்ளி ஆசிரியை எனப் பலரும் அங்கே மாலை பெறுகின்றனர்.

அண்மையில் இளைஞர் கூட்டம் ஒன்றில் இச்செய்தியை நான் சொன்னபோது, கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார்: “சாமி, அவர்கள் தம் இனத்தாரைப் போற்றுகிறார்கள். நம் மாவட்டத்திலும் அயர்லாந்தில் பிறந்த ஒருவருக்கு நினைவு மண்டபம் நிற்கிறது. ஆஷ் துரையைத்தான் சொல்கிறேன். அதை நாம் பாதுகாக்க வேண்டுமா, இடிக்க வேண்டுமா?” அரங்கில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு உடனே விடை சொல்ல இயலாத அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து.

பசி விரட்டிய மக்கள்

அயர்லாந்து மக்கள் உலகெங்கும் சிதறியதற்குப் பெருங்காரணம் பசி. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். அமெரிக்கக் கரையில் அவர்களுக்கு வரவேற்பு இல்லை. அவர்களுடைய ஏழ்மையும் கத்தோலிக்க விசுவாசமும் வெறுப்புக்கு இலக்காயின. பஞ்சத்திற்கு முந்திய 1844ஆம் ஆண்டிலேயே பிலடெல்பியா நகரில் கத்தோலிக்க ஆலயங்கள் தீக்கிரையாயின. அத்தகைய நாட்டில் 1880இல் வில்லியம் கிரேஸ் நியூயார்க்கின் மேயராகவும், 1884இல் ஹியூ ஓபிரையன் பாஸ்டனின் மேயராகவும் தேர்வு பெற்றனர். 1960இல் கென்னடி குடியரசுத் தலைவராகத் தேர்வு பெற்றார். அவமதிக்கப்பட்ட மக்கள் தம்மவர் உயர்வில் தம் மானத்தை மீட்டுக்கொண்டனர். இன்று மேடையில் விழும் மாலைக்குப் பின்னால் அந்தப் பழைய கண்ணீர் இருக்கிறது.

கப்பல்கள் மேற்கு நோக்கி மட்டும் செல்லவில்லை. கிழக்கு நோக்கியும் வந்தன. சென்னைத் திருச்சபையை 1830களின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு வழிநடத்திய ஆயர்கள் டேனியல் ஓகானர், உடன்பிறந்தோரான ஜான் ஃபென்னலி, ஸ்டீபன் ஃபென்னலி ஆகிய மூவரும் அயர்லாந்தினரே. 1842இல் சென்னைக்கு வந்து பெண்கல்விக்கு விளக்கேற்றிய காணிக்கை அன்னை சபைக் கன்னியரும் அந்நாட்டினரே. ஆனால் நமது நெல்லைச் சீமையின் நினைவில் நிற்கும் அயர்லாந்தர் இருவரும் கத்தோலிக்கர் அல்லர். ஒருவர் பேராயர், மற்றவர் மாவட்ட ஆட்சியர். ஒருவருக்குக் கடற்கரையில் சிலை. மற்றவர் பெயரைச் சொன்னாலே மக்கள் முகம் சுளிப்பர்.

இடையன்குடி மேய்ப்பர்

இராபர்ட் கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து வழியினர். இளமையில் டப்ளினில் ஓவியம் பயின்று, பின்னர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1838இல் சென்னைக்கு வந்தார். 1841இல் எஸ்.பி.ஜி. சங்கத்தின் குருவாகத் திருநெல்வேலிக்குப் புறப்பட்டபோது, அந்நெடுந்தொலைவைப் பெரும்பாலும் கால்நடையாகவே கடந்தார். மக்களையும் அவர்தம் பேச்சையும் அறிய அதுவே வழி என்பது அவர் எண்ணம்.

அவர் வந்து சேர்ந்த இடையன்குடி பொருநை பாயும் பச்சை வயல் அன்று. செம்மணல் தேரியும் பனைமரமும் சூழ்ந்த வறண்ட ஊர். ஐம்பது ஆண்டு அவர் அவ்வூரோடு பிணைந்திருந்தார். 1844இல் நாகர்கோவில் மிஷனெரி மால்ட் அவர்களின் மகள் எலிசாவை மணந்தார். அவ்வம்மையார் ஊர்ப் பெண்களுக்கு எழுத்தும் கணக்கும் கற்பித்தார். பின்னல் வேலையையும் கற்றுக்கொடுத்து, அவர்கள் கையில் சொந்தக் காசு புரள வழி செய்தார். கால்டுவெல் 1847இல் தொடங்கிய திருத்துவ ஆலயம் 33 ஆண்டு உழைப்பில் வளர்ந்து 1880இல் அர்ச்சிப்புப் பெற்றது. ஓவியம் கற்ற அந்தக் கைகள் களிமண்ணில் மாதிரி செய்து காட்ட, ஊர்க் கொத்தர்கள் அதைப் பார்த்துக் கட்டினார்கள்.

1856இல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைத் தமிழுலகம் அறியும். தென்மொழிகள் வடமொழியினின்று பிறந்தவை அல்ல, தனிக்குடும்பம் என்ற உண்மையை 1816இலேயே எல்லிஸ் சுட்டியிருந்தார். அதனைப் பல மொழிகளின் சான்றுகளோடு விரிவாக நிலைநாட்டியவர் கால்டுவெல். 1881இல் திருநெல்வேலி மாவட்டத்தின் வரலாற்றை எழுதினார். அதில் முத்துக்குளித்துறையின் கதையைச் சொல்லும்போது, நம் புனித சவேரியாரின் கடிதங்களைச் சான்றாக எடுத்தாண்டார். பொருநையின் கழிமுகத்தில் கொற்கையையும் காயலையும் தேடி நிலத்தை அகழ்ந்து பார்த்தார். சிவகளையிலும் ஆதிச்சநல்லூரிலும் இன்று நடைபெற்றுள்ள ஆய்வுகளுக்கு நெடுங்காலம் முன்பே, இந்த ஆற்றங்கரை மண்ணுக்கடியில் ஒரு பழைய உலகம் கிடக்கிறது என்று நம்பியவருள் அவரும் ஒருவர்.

1877இல் அவர் பேராயராக அருள்பொழிவு பெற்ற காலம் தென்னகத்தைப் பெரும்பஞ்சம் வாட்டிய காலம். அயர்லாந்தின் பசியைப் போலவே இங்கும் மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். நிவாரணப் பணியில் அவர் முன்னின்றார். அவ்வாண்டுகளில் பல்லாயிரவர் அவருடைய சபையை நாடினர். விசுவாசம் தேடி வந்தனரா, கஞ்சி தேடி வந்தனரா என்று அன்றே கேட்டவர் உண்டு. அப்பங்களைப் பகிர்ந்தளித்த ஆண்டவரைத் தேடி வந்த கூட்டத்தைப் பற்றியும் அக்கேள்வி எழுந்ததை யோவான் நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஆண்டவரே அதைக் கேட்டார். பசித்தவனுடைய உள்ளத்தை அளக்கும் கோல் நம்மிடம் இல்லை.

1891ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் கொடைக்கானலில் கால்டுவெல் மறைந்தார். அவருடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கம் பெற்றது. 1968இல் சென்னைக் கடற்கரையில் சிலை, 2010இல் அஞ்சல்தலை, 2011இல் இடையன்குடி இல்லம் அரசு நினைவில்லம் எனச் சிறப்புகள் தொடர்ந்தன.

ஆறாத வடு

இவ்வளவோடு நிறுத்திவிட்டால் அது பாராட்டு மடலாகும், வரலாறு ஆகாது. 1849இல் அவர் வெளியிட்ட ஒரு சிறுநூல், தாம் மேய்த்த நாடார் மக்களையே தாழ்வாகச் சித்திரித்தது. அவர்கள் இம்மண்ணுக்கு வெளியிலிருந்து வந்தேறியவர்கள் என்றும், அறிவுக் கூர்மை குன்றியவர்கள் என்றும் பொருள்பட அவர் எழுதியவை அம்மக்களைப் புண்படுத்தின. கல்வி கற்ற தலைமுறை அந்நூலைத் தாமே படித்தபோது சினம் மூண்டது. மிஷனெரிகளோடு முரண்பட்ட அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை 1857இல் நாசரேத் வட்டாரத்தில் தனித் திருச்சபை கண்டார். கால்டுவெல்லின் கருத்துகளைக் கடுமையாக எதிர்த்தவருள் அவர் முதன்மையானவர். படிக்கக் கற்றுக்கொடுத்தவர் எழுதியதைப் படித்தே மாணவர்கள் வெகுண்டார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. அந்தக் கல்வியின் வெற்றியும் அதுதான். அந்த ஆசிரியரின் தோல்வியும் அதுதான்.

இதைச் சொல்லும்போது கத்தோலிக்கராகிய நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள வேண்டாம். வடக்கன்குளம் நமக்கு எவ்வளவு புனிதமான ஊர்! மறைச்சாட்சி தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்ற இடம் அது. அதே ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாம் கட்டிய ஆலயம், ஒரே பீடத்தின் முன் சாதிக்கொரு பக்கமாகப் பிரிந்து நிற்க இரு கைகளாக அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தடுப்பை இடித்தபோது, இடித்தது தவறு என்று வழக்காடியவரும் நம் மக்களே. கால்டுவெல்லின் பிழை காகிதத்தில் இருந்தது. நமது பிழை செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் நின்றது.

மணியாச்சியில் ஒரு காலை

இராபர்ட் வில்லியம் ஆஷ் 1872இல் அயர்லாந்தில் பிறந்து, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பயின்று, இந்திய ஆட்சிப்பணிக்கு வந்தவர். 1908இல் வ.உ.சிதம்பரனார் கைதானபோது திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் மக்கள் கொதித்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அந்நாளில் ஆஷ் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தார். சுதேசிக் கப்பலை முடக்கிய ஆட்சியின் முகமாகவே மக்கள் அவரைக் கண்டனர். 1910இல் அவர் மாவட்ட ஆட்சியரானார். 1911ஆம் ஆண்டு சூன் 17ஆம் நாள், கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைக் காண மனைவியோடு புறப்பட்டவரை, மணியாச்சி நிலையத்தில் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தம்மையும் சுட்டு மாய்த்துக்கொண்டார்.

ஆஷின் உடல் பாளையங்கோட்டையில் அடக்கமாகியுள்ளது. தூத்துக்குடியில் அவர் பெயரில் மண்டபம் எழுந்தது. அந்த இரயில் நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி எனப் பெயர் கொண்டுள்ளது. அயர்லாந்தும் அன்று அதே ஆங்கில ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1916இல் அங்கும் விடுதலைக் கிளர்ச்சி வெடித்தது. தன் தாய்நாட்டை ஆண்ட பேரரசுக்கே இன்னொரு நாட்டில் கைகொடுத்த அதிகாரியாக ஆஷ் வரலாற்றில் நிற்கிறார். நாட்டு விடுதலைக்காக உயிரீந்த வாஞ்சியை நாடு போற்றுகிறது. ஆயினும் அன்று மணியாச்சியில் இரண்டு பெண்கள் விதவையானார்கள். ஒருவர் கடல் கடந்து அயர்லாந்து திரும்பிய மேரி. மற்றவர் செங்கோட்டைப் பொன்னம்மாள். இவ்விருவருக்கும் மண்டபம் ஏதும் எழவில்லை.

சேவல் கூவியதை மறைக்காத திருச்சபை

அம்மாணவரின் கேள்விக்கு இப்போது வருகிறேன். போற்றுதல் வேறு, நினைவுகூர்தல் வேறு. ஆஷைப் போற்ற நமக்குக் கடமை இல்லை. ஆனால் அந்த மண்டபத்தை இடித்தால், நம் முன்னோர் எதை எதிர்த்து நின்றார்கள் என்பதற்கான சாட்சியத்தையே இடித்தவராவோம். அது நிற்கட்டும். அதன் கதையை முழுமையாகச் சொல்லும் பொறுப்பு நமக்கு இருக்கட்டும். இறந்தவருக்கு இறுதித் தீர்ப்பு எழுதும் அதிகாரம் நம்முடையது அன்று.

போற்றத் தக்கவரைப் போற்றும்போதும் நமக்கு ஒரு நெறி உண்டு. ஒருவரைப் பீடத்திற்கு உயர்த்துமுன், அவருக்கு எதிரான சான்றுகளை எடுத்துரைக்கவே ஓர் அலுவலரைத் திருச்சபை பல நூற்றாண்டுகள் வைத்திருந்தது. அம்முறை 1983இல் மாற்றம் பெற்றது. எனினும் எதிர்ச் சாட்சியத்தையும் கேட்ட பின்னரே புகழ வேண்டும் என்ற உணர்வு மாறவில்லை. இதனினும் பெரிய சான்று நற்செய்தியிலேயே இருக்கிறது. பேதுருவைத் தலைவராக ஏற்ற திருச்சபை, அவர் மும்முறை மறுதலித்ததையும் சேவல் கூவியதையும் தன் மறைநூலிலிருந்து நீக்கவில்லை. நான்கு நற்செய்தியாளரும் அதை எழுதினர். குறையை மறைத்துத் தரும் புகழ் அம்மனிதரைச் சிறுமைப்படுத்தும். குறையோடும் ஏற்கும் புகழ் கடவுளின் இரக்கத்திற்குச் சாட்சியாகும்.

ஆகவே கால்டுவெல்லுக்கு நாம் மனமார நன்றி சொல்லலாம். பிரிந்திருக்கும் சகோதரரிடம் காணும் நன்மையை மகிழ்வுடன் ஏற்குமாறு 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்தது. அவரால் காயமுற்றவர்களின் குரலையும் அதே மூச்சில் சொல்லலாம். அது நன்றி மறத்தல் ஆகாது.

சீராக்கின் ஞான நூல் 44ஆம் அதிகாரத்தில் முன்னோரைப் புகழத் தொடங்குகிறது. ஆனால் சில வரிகளுக்குள், நினைவே எஞ்சாமல் மறைந்துபோனவர்களையும் நினைக்கிறது. இடையன்குடி ஆலயத்திற்குக் கல் சுமந்தவர் யார்? கால்டுவெல்லின் காதுக்கு நெல்லைத் தமிழைப் பழக்கியவர் யார்? எலிசா அம்மையாரிடம் முதன்முதல் ஊசி பிடித்த பெண் யார்? அமெரிக்க மேடையில் மாலை பெறும் மேயருக்குப் பின்னாலும், கப்பலின் அடித்தட்டிலேயே மாண்டுபோன பாட்டி ஒருத்தி இருந்திருப்பாள்.

நமது பங்குகளில் நூற்றாண்டு மலர்கள் வெளிவருகின்றன. ஆயர்கள், குருக்கள், கொடையாளர்கள் ஆகியோரின் படங்கள் முன்பக்கங்களில் நிறைகின்றன. அவை வேண்டியவையே. அடுத்த மலரை அச்சுக்குக் கொடுக்குமுன், ஊரின் மூத்த பாட்டி ஒருவரிடம் சென்று அமருங்கள். மழையில் நனைந்து குக்கிராமங்களுக்கு நடந்த உபதேசியார் யார், ஆலயத்துக்குப் பனங்கட்டை அறுத்துக் கொடுத்தவர் யார், எந்தத் தெருவினர் வாசலிலேயே நிறுத்தப்பட்டனர் என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பக்கமும் சேர்ந்தால்தான் மலர் முழுமை பெறும்.

புனித பேட்ரிக்கும் அயர்லாந்தில் பிறந்தவர் அல்லர். சிறுவயதில் அடிமையாக அங்கே இழுத்துச் செல்லப்பட்டவர். தப்பித்துப் போனபின், தம்மை அடிமைப்படுத்திய மக்களிடமே நற்செய்தியோடு திரும்பி வந்தவர். தனக்கு இழைக்கப்பட்ட தீங்கை மறக்காமலே அன்புகூர்ந்த அந்த அந்நியரைத்தான் அந்நாடு தன் தந்தையாகக் கொண்டாடுகிறது.