மலையுச்சியும் தரை டிக்கெட்டும்: சேலத்துக் கொலைப்படங்கள் பற்றி

கொலையை மையமாகக் கொண்ட சிக்கனப் படங்களுக்கு ஒருமித்த தீர்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. கொட்டகையை விட்டு வெளியே வரும்போதே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். மூச்சுவிட மறந்து பார்த்ததாக ஒருவர் சொல்வார். காசு கொடுத்துப் பயப்படுவானேன் என்று அடுத்தவர் கேட்பார். எல்லாம் இங்கிலீஷ் படத்துச் சரக்கு என்று மூன்றாமவர் ஒதுக்குவார்.

கையில் கத்தியுடன் ஒருவன் ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டே போகும் படவகையை அமெரிக்காவில் 'ஸ்லாஷர்' என்கிறார்கள். அதற்கு இலக்கணம் வகுத்ததாகக் கருதப்படும் 'ஹாலோவீன்', பெரிய நிறுவனங்களின் ஆதரவின்றிச் சுமார் மூன்று லட்சம் டாலர் செலவில் ஜான் கார்பென்டர் எடுத்த படம். 1978இல் வெளிவந்தபோது அதற்கும் இருவேறு வரவேற்புகளே இருந்தன. அதே ஆண்டில் தமிழில் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வந்தது. அதைக் கொண்டே தமிழ்க் கொலைப்படத்தின் கதையைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த வழக்கின் பழைய ஏடுகளைத் தேடினால் சென்னையை விட்டுச் சேலத்துக்கு, ஏற்காடு சாலைக்குப் போகவேண்டியிருக்கும்.

இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் திருச்செங்கோட்டில் பிறந்தவர் டி. ஆர். சுந்தரம். நூல் வணிகக் குடும்பம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர். படம் எடுக்கக் கல்கத்தாவுக்குப் போகவேண்டியிருந்த காலத்தில், முப்பதுகளின் நடுவில், ஏற்காட்டு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். 1937இல் 'சதி அகல்யா' வெளிவந்தது. அடுத்த ஆண்டு மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' அங்கிருந்தே வந்தது. மொத்தத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். ஒரு நூற்பாலையை நடத்தும் ஒழுங்குடன் அவர் படப்பிடிப்புத்தளத்தை நடத்தினார் என்பது திரையுலகில் பலரும் பதிவு செய்த செய்தி. நேரம் தவறினால் பெரிய நடிகரானாலும் விடமாட்டார். திட்டமிட்ட நாளில், திட்டமிட்ட செலவில் படம் முடிந்தாக வேண்டும். 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை முழுநீள வண்ணத்தில் எடுக்கத் துணிந்தவர்தான். ஆகவே அவருடைய சிக்கனத்தைக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. அது ஒரு தொழில்முறை.

1950ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த ஓர் ஆண்டில் சேலத்திலிருந்து வந்த மூன்று படங்களுக்கும் மூலம் இலக்கியமே. 'பொன்முடி' பாரதிதாசனின் காவியத்திலிருந்து. 'திகம்பர சாமியார்' வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவலிலிருந்து. 'மந்திரி குமாரி' குண்டலகேசியிலிருந்து. காவியமும் ரயிலடியில் வாங்கும் நாவலும் ஒரே கூரையின்கீழ்ப் படமாயின. வடுவூராரின் நாவல்களுக்கே அன்று இரண்டு கட்சிகள் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் கெடுதல் என்று விலக்கியதை இளையவர்கள் ஒளித்துவைத்துப் படித்தார்கள். கொலைப்படத்தின் மீதான பிற்காலத்து வழக்கு, முதலில் வாசகசாலையில் பதிவான வழக்குதான்.

'மந்திரி குமாரி' மு. கருணாநிதியின் வசனத்துக்காகவும் எம்.ஜி.ஆரின் உயர்வுக்காகவும் நினைக்கப்படுகிறது. ஆனால் அதன் நடு எலும்பு ஒரு கொலைகாரன் கதை. ராஜகுருவின் மகன் பார்த்திபன் இரவில் கொள்ளையன். கொள்ளையை அவன் ஒரு கலை என்றே கருதுகிறான். எஸ். ஏ. நடராஜன் அந்தப் பாத்திரத்தில் கவர்ச்சியும் நஞ்சும் கலந்து நடித்தார். அவனைக் காதலித்து மணந்து, பொய்சொல்லித் தண்டனையிலிருந்தும் காப்பாற்றும் மந்திரி மகள் அமுதவல்லியை, இனிய பாட்டொன்றைப் பாடியபடி மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான், தள்ளிக் கொல்வதற்காக. சாவதற்குமுன் கணவனை வலம்வர அனுமதி கேட்கும் அவள், பின்னால் வந்ததும் அவனைத் தள்ளிவிடுகிறாள். படத்தில் கதாநாயகனின் வாள்வீச்சை மறந்தவர்கள்கூட இந்தக் காட்சியை மறப்பதில்லை.

இப்படத்தைப் பற்றிய பேச்சும் பிளவுபட்டதே. வசனத்துக்காகப் போனவர்கள் உண்டு, வில்லனுக்காகப் போனவர்கள் உண்டு. ராஜகுருவைச் சூழ்ச்சிக்காரனாகவும் அவன் மகனைக் கொள்ளையனாகவும் காட்டியதில் திராவிட இயக்கத்தின் குரலைக் கேட்டுக் கைதட்டியவர்கள் ஒரு புறம், அதே காரணத்துக்காக முகம் சுளித்தவர்கள் மறுபுறம். ஆனால் இந்த இரண்டு தரப்புமே பேசாமல் விட்ட ஒன்று உண்டு என்பது என் எண்ணம்.

குண்டலகேசி முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. எஞ்சியவை சில பாடல்கள். கதையை நீலகேசி உரையின் வழியாக அறிகிறோம். அந்தக் கதையில் காளனைத் தள்ளிய பத்திரை உயிரோடிருக்கிறாள். துறவு பூண்கிறாள். பௌத்தம் பயின்று, ஊர் ஊராகச் சென்று பிற சமயத்தாரை வாதுக்கு அழைக்கிறாள். கொலையிலிருந்து தப்பியது அவளுக்கு முடிவல்ல, தொடக்கம். திரைப்படத்து அமுதவல்லியோ உண்மையைச் சபையில் உரைத்தபின் ராஜகுருவின் கையால் இறக்கிறாள். கணவனைக் கொன்றவள், அவன் எத்தகையவனாயினும், படம் முடியும்போது உயிரோடிருக்க 1950ஆம் ஆண்டின் திரை இடம் தரவில்லை. அமெரிக்க ஆய்வாளர் கரோல் க்ளோவர், கொலைகாரனிடமிருந்து கடைசியில் மிஞ்சும் பெண்ணே ஸ்லாஷர் படங்களின் அச்சு என்று எண்பதுகளில் எழுதினார். அந்தக் கடைசிப் பெண் நம்மிடம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தாள். சேலம் அவளை மலையுச்சிவரை அழைத்து வந்தது, அதற்குமேல் அவளைக் காப்பாற்றவில்லை.

பாட்டையும் நாயகனையும் நீக்கிவிட்டு மர்மத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1954 பதில் சொன்னது. எஸ். பாலசந்தர் ஏவி.எம்.முக்காக இயக்கிய 'அந்த நாள்' படத்தில் பாட்டே இல்லை. சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறார். கொட்டகைகளில் கூச்சல் எழுந்ததாக இன்றும் சொல்வார்கள். படம் ஓடவில்லை. அவ்வாண்டுக்கான தேசிய விருதுகளில் அதற்கு நற்சான்றிதழ் கிடைத்தது. தமிழுக்கான வெள்ளிப் பதக்கம் பெற்றதோ நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவலிலிருந்து உருவான 'மலைக்கள்ளன்'. அதில் பாட்டு, சண்டை, மாறுவேடம், நல்லவனான கள்ளன் எல்லாம் உண்டு.

சேலம் இந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டது. 1963இல் சுந்தரம் மறைந்தபின் அவர் மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்ற காலத்தில் குற்றப்படங்களே நிறுவனத்தின் அடையாளமாயின. 'வல்லவனுக்கு வல்லவன்' (1965), 'இரு வல்லவர்கள்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று வரிசையாக வந்தன. பெரும்பாலும் கறுப்புவெள்ளை. உச்ச நட்சத்திரங்களுக்குப் பதில் ஜெய்சங்கர், அசோகன், மனோகர். வேதாவின் இசையில் இந்தி மெட்டுகளின் சாயல். ஜெமினி கணேசனை வில்லனாக்கும் துணிச்சலும் இருந்தது. செத்துக் கிடப்பவன் யார், சுட்டவன் யார் என்ற கேள்விக்கு நடுவே நான்கு பாட்டுகள், ஒரு நகைச்சுவைக் கிளைக்கதை.

படித்தவர்களின் தீர்ப்பு கடுமையாக இருந்தது. இந்தியிலிருந்து கதை, வெளிநாட்டிலிருந்து உடை, எதிலும் மண் இல்லை என்றார்கள். அது பொய்யல்ல. 'இரு வல்லவர்கள்', 'வல்லவனுக்கு வல்லவன்' இரண்டும் இந்திப் படங்களின் தழுவல்களே. ஆனால் இராசிபுரத்திலும் குமாரபாளையத்திலும் பகலெல்லாம் தறியில் அமர்ந்தவர், சங்ககிரியில் லாரிக்குச் சரக்கு ஏற்றியவர், இரவு ஆட்டத்துக்குத் தரை டிக்கெட் வாங்கி மணலைக் குவித்து உட்கார்ந்தபோது அவருக்கு மண்ணின் கதை தேவைப்படவில்லை. மண்ணில்தான் நாளெல்லாம் இருந்தார். கொடுத்த காசுக்கு இரண்டரை மணி நேரம் வேறொரு நகரமும், அதில் தீர்க்கக்கூடிய ஒரு புதிரும் தேவைப்பட்டன. இருவர் சொன்னதும் சரி. அவர்கள் ஒரே படத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் உண்மை.

அந்த 1970ஆம் ஆண்டிலேயே எஸ். பாலசந்தரின் 'நடு இரவில்' வெளிவந்தது. தீவு மாளிகையொன்றில் கூடும் உறவினர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படும் இப்படம் அகதா கிறிஸ்டியின் நாவலைத் தழுவியது. சொந்தத் தயாரிப்பு. வாங்குவாரின்றிப் பல ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்தே திரைக்கு வந்தது. தனிமனிதரின் சிக்கனப் படம் பெட்டியில் கிடக்க, நிறுவனத்தின் சிக்கனப் படங்கள் தவறாமல் கொட்டகைக்குப் போய்ச்சேர்ந்தன. சேலத்தின் வெற்றி கலையின் வெற்றியா என்று கேட்டால் தயங்குவேன். பார்வையாளர் எதை மன்னிப்பார், எதை மன்னிக்கமாட்டார் என்பதை அறிந்திருந்ததன் வெற்றி என்று தயங்காமல் சொல்வேன்.

1984இல் மணிவண்ணன் குறைந்த செலவில் எடுத்த 'நூறாவது நாள்' பெருவெற்றி பெற்றது. அவ்வாண்டுகளில் சென்னையை உலுக்கிய கொலைவழக்கொன்றில் கைதானவன் அப்படத்தைப் பார்த்தே தூண்டப்பட்டதாகச் செய்தி பரவியது. அதன்பின் தீர்ப்பு ரசனையைப் பற்றியதாக இல்லாமல் குற்றச்சாட்டாகவே மாறிவிட்டது. வாசகசாலையில் தொடங்கிய பழைய வழக்குதான் அது, காவல்நிலையம்வரை போயிருந்தது. அதற்குள் சேலத்துத் தளங்கள் அடங்கிவிட்டன.

மாடர்ன் தியேட்டர்ஸில் இன்று மிஞ்சி நிற்பது ஏற்காடு சாலையிலுள்ள முகப்பு வளைவு. அதன்முன் நின்று படமெடுத்துக்கொள்பவர்கள் அங்கே உழைத்து முதலமைச்சரானவர்களின் பெயர்களைச் சொல்கிறார்கள். அது நியாயமான பெருமை. ஆனால் அந்த நிறுவனத்தை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாங்கியது தரை டிக்கெட்டுக்காரரின் காசு. பிடித்தது, பிடிக்கவில்லை என்று அவர் சொன்னது எந்தப் பத்திரிகையிலும் அச்சாகவில்லை. இப்போது அது எழுபது வயது கடந்தவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கத்து நண்பர்கள் தத்தம் வீட்டு மூத்தவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், ஒரு கேள்வி கேட்டு எழுதிவைத்தால் நல்லது. மலையுச்சியில் அமுதவல்லி அவனைத் தள்ளியபோது கொட்டகையின் பெண்கள் பகுதியிலிருந்து எழுந்த சத்தம் என்ன? அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் படத்தின் வரலாற்றை எழுதிவிட்டோம் என்று சொல்ல முடியாது.