மஞ்சள் பின்

மரக்காணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். அதற்கு அறிஞர்கள் இருக்கிறார்கள். நான் 1982-இலிருந்து ஆரம்பிக்கிறேன். தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்த வருடம். அமெரிக்காவின் வண்ண முறையை விட்டுவிட்டு 'பால்' என்ற ஐரோப்பிய முறையை நாடு எடுத்துக்கொண்டது. முப்பது வருடம் கழித்து அந்த முடிவு எங்கள் வீட்டு டிவிக்குள் குறுக்கே நின்றது.

அதற்கு முன்னால் டெக் காலம். எண்பதுகளில் காதுகுத்து, திருவிழா என்றால் டெக்கும் டிவியும் வாடகைக்கு வரும். தெருவில் விடிய விடிய மூன்று படம். அப்புறம் விசிடி. செப்டம்பர் 15, 2006 அன்று அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. ஐந்து வருடத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலப் பெட்டி. அதைக் கேலி செய்து நிறைய எழுதினார்கள். எழுதியவர்கள் வீட்டில் டிவி ஏற்கெனவே இருந்தது, அவ்ளோதான். யாரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. எங்கள் உப்பளத் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே மாதிரி ஏவி துளைகள் வந்துவிட்டன. மஞ்சள் படத்துக்கு, வெள்ளை ஒலிக்கு.

அந்த மஞ்சள் துளைக்கு ஜோடி 2012 பிப்ரவரி 29-இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. ராஸ்பெர்ரி பை. பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகுவதற்காகச் செய்த, சீட்டுக்கட்டு அளவு கணினி. விலை 35 டாலர். அன்றைய மதிப்பில் இரண்டாயிரம் ரூபாய்க்குள், வரியும் கூரியரும் தனி. அதில் எச்டிஎம்ஐ துளையோடு மஞ்சள் துளையும் வைத்திருந்தார்கள். ஏழை வீட்டுப் பழைய டிவியிலும் ஓடணும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அடுத்த வருடம் அதே 35 டாலருக்கு வந்த குரோம்காஸ்டில் அந்த யோசனை இல்லை. எச்டிஎம்ஐ இல்லாத வீடு அதன் கணக்கிலேயே கிடையாது.

மென்பொருளும் இரவல் பெட்டியில் பிறந்ததுதான். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியைப் பூட்டு உடைத்து, 64 எம்பி நினைவகத்தில் படம் ஓட்டிக் காட்டிய ஆர்வலர்கள் எழுதியது எக்ஸ்பிஎம்சி. 2014-இல் அதன் பெயர் கோடி என்று மாறியது.

2013-இல் நான் பை வாங்கி மஞ்சள் பின்னைச் சொருகினேன். படம் கறுப்பு வெள்ளையில் உருண்டுகொண்டே இருந்தது. அப்பா பார்த்துவிட்டு, "இன்னாடா, தூர்தர்ஷன் காலத்துக்கே போயிட்ட?" என்றார். பை தானாக அனுப்புவது அமெரிக்க முறை. டிவி எதிர்பார்த்தது 1982-இன் பால். அமைப்புக் கோப்பில் டிவி முறை என்ற வரியில் 2 என்று போட்டதும் வண்ணம் வந்தது.

இத்தனை மெனக்கெடல் எதற்கு என்று கேட்கலாம். அப்பா முப்பது வருடம் பாத்தியில் உப்பு வாரியவர். உச்சி வெயிலில் வெள்ளை உப்பு கண்ணில் அடிக்கிற கூச்சம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. கையில் பிடிக்கிற ஐந்து அங்குலத் திரை அவருக்கு வெறும் வெளிச்சம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானபோது தெருவே போனுக்குள் போனது. அப்பாவுக்கு மட்டும் பழைய படங்கள் போனின் ஹாட்ஸ்பாட் வழியாக யூடியூபிலிருந்து 14 அங்குலத்துக்கு வந்தன. ஐப்பசி, கார்த்திகையில் அளத்தில் வேலை கிடையாது. வருமானமும் கிடையாது. பொழுது மட்டும் நிறைய இருக்கும்.

என் சித்தப்பா மகனிடம் திரை உடைந்த இலவச மடிக்கணினி ஒன்று இருந்தது. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் வந்தது. பையைவிட அது பலசாலி. எச்டிஎம்ஐ கேபிளைப் போட்டால் அதுவே நல்ல மீடியா கம்ப்யூட்டர், காசும் செலவில்லை. உள்ளூரில் எது தாங்கும் என்பது வேறு கணக்கு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். உப்புக் கரைசலில் மின்சாரம் பாயும், செம்பு அரிக்கும். மடிக்கணினியின் விசிறி இந்தக் காற்றைத்தான் உள்ளே இழுத்துப் பலகைமேல் ஊதுகிறது. பைக்கு விசிறி இல்லை. மூடிய டப்பாவில், ஒயருக்கு மட்டும் ஓட்டை போட்டு வைத்தேன். மடிக்கணினி இரண்டாவது மழைக்காலத்தில் போனது. பை இன்னும் இருக்கிறது.

ஆனால் கட்டணச் சேவைகளிடம் பை தோற்றது. அவர்கள் படத்தைப் பூட்டி அனுப்புகிறார்கள். அனுமதி பெற்ற கருவிதான் நல்ல தரத்தில் திறக்கும். 2017-இல் அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் 3,999 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்தபோது சொந்தமாகக் கட்டுகிற வேலைக்கே அர்த்தம் குறைந்துவிட்டது. தெருவில் பலர் எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றுகிற சின்னப் பெட்டி வாங்கி, ஸ்டிக்கை அதே மஞ்சள் துளையில் சேர்த்தார்கள். நானும் ஒன்று வைத்திருக்கிறேன், புதுப் படத்துக்கு. அப்பாவின் படங்கள் பையில்தான். எழுத்தைப் பெரிசாக்கி, பட்டியலை நாலே வரியாகச் சுருக்க ஸ்டிக் விடாது, கோடி விடும்.

பையின் பலவீனம் மெமரி கார்டு. கரண்ட் போய்ப் போய் வந்தால் முதலில் சாவது அதுதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோதும் போனது கார்டுதான். புரட்டாசி கடைசியில் கார்டை அப்படியே நகல் எடுத்து, மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்துவிடுவது இப்போது வழக்கம்.