மங்கோலியப் பேரரசின் விரிவாக்கம்

மங்கோலியப் பேரரசு 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் புல்வெளியில் தோன்றி, முக்கால் நூற்றாண்டுக்குள் கொரியாவிலிருந்து கருங்கடல்வரை பரவியது. இடையறாத நிலப்பரப்பாக அமைந்த பேரரசுகளில் இதுவே மிகப் பெரியது.

1206இல் ஓனோன் ஆற்றங்கரையில் கூடிய குருல்தாய் என்னும் தலைவர் பேரவை, மங்கோலியத் தலைவர் தெமுஜினைச் செங்கிஸ் கானாக ஏற்றது. அவர் குலங்களைக் கலைத்து, வீரர்களைப் பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று அணிவகுத்தார்.

குதிரைப்படையைத் தடுத்தவை மதில்களே. 1209இல் அண்டை அரசான மேற்கு சியாவின் தலைநகரை மூழ்கடிக்க மங்கோலியர் ஆற்றைத் திருப்பினர்; கரை உடைந்து, வெள்ளம் அவர்களுடைய பாசறைக்குள்ளேயே புகுந்தது. 1211இல் வடசீனத்து ஜின் அரசுடன் போர் மூண்டபின் சீனப் பொறியாளர்கள் அவர்கள் வசமாயினர். 1215இல் இன்றைய பெய்ஜிங்கான சோங்து வீழ்ந்தது. வென்ற நாட்டின் திறமையைக் கொண்டே அடுத்த நாட்டை வெல்வது அன்றுமுதல் வழக்கமானது. இப்பேரரசின் வளர்ச்சிக்கு வில்லும் குதிரையும் மட்டுமே காரணம் என்பது பாதி உண்மைதான்.

1218இல் மேற்கே குவாரசம் நாட்டின் ஒத்ரார் நகர ஆளுநர் மங்கோலிய வணிகர்களை ஒற்றர்கள் என்று சொல்லிக் கொன்றார். நியாயம் கேட்டு வந்த தூதரைக் குவாரசம் சுல்தான் கொல்வித்தார். இதற்குப் பழிவாங்க மங்கோலியர் அந்நாட்டின்மீது படையெடுத்தனர்; 1220இல் புகாராவும் சமர்கந்தும், மறு ஆண்டு மெர்வும் நிஷாபூரும் விழுந்தன. கைவினைஞர்களைப் பிரித்தெடுத்துக் கிழக்கே அனுப்பினர். மெர்விலும் நிஷாபூரிலும் எஞ்சிய மக்களை வெட்டிச் சாய்த்தனர். படைத்திறனை வியப்பவர்கள் இந்தக் கொடுமையைக் கடந்துபோகக் கூடாது.

செங்கிஸ் 1227இல் இறந்தார். அவருடைய மகன் ஒகெதெய் காலத்தில் 1234இல் ஜின் அரசு முடிந்தது. 1240இல் கீவ் எரிந்தது. 1241 ஏப்ரலில் போலந்துப் படை லெக்னிட்சாவிலும், இரண்டே நாளில் அங்கேரிப் படை மோகியிலும் தோற்றன. ஆனால் அடுத்த ஆண்டே மங்கோலியர் பின்வாங்கினர். 1258இல் செங்கிஸின் பேரன் ஹுலாகு பாக்தாதைப் பிடித்து அப்பாசிய கலீஃபாவைக் கொன்றார். 1260இல் ஐன் ஜாலூத்தில் எகிப்தின் மம்லூக்குகள் மங்கோலியரை வென்றனர். இதற்குள் பேரரசர் மோங்கே கான் இறந்து, வாரிசுப் போர் மூண்டு, பேரரசு நான்காகப் பிளக்கத் தொடங்கியிருந்தது.

தென்சீனத்துச் சோங் அரசின் சியாங்யாங் கோட்டை 1268 முதல் ஐந்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. மோங்கேயின் தம்பி குப்லாய் கான் பாரசீகத்திலிருந்து இஸ்மாயில், அலாவுதீன் என்ற பொறியாளர்களை வரவழைத்தார். ஒரு முனையில் பெரும்பாரம் தொங்க, மறுமுனையிலிருந்து பாறையை வீசும் கவண்பொறிகளை அவர்கள் நிறுவினர். எதிரிலிருந்த ஃபான்செங் முதலில் தகர்ந்தது. 1273இல் சியாங்யாங் சரணடைந்தது. 1279இல் யாமென் கடற்போரில், சோங் அமைச்சர் ஒருவர் சிறுவனான பேரரசரைச் சுமந்தபடி கடலில் குதித்தார்.

கடல் கடந்த படையெடுப்புகள் பலிக்கவில்லை. 1274, 1281 ஆகிய ஆண்டுகளில் ஜப்பான்மீது சென்ற கப்பல்கள் புயலிலும் போரிலும் சிதைந்தன. 1293இல் ஜாவாவில் இறங்கிய படையும் தாக்குப்பிடிக்க முடியாமல் கப்பலேறித் திரும்பியது.