வயிற்றில் கேட்கும் மேளம்

என் தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. ஆனால் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உறுமி மேளம் தொடங்கினால் முதல் ஆளாக ஓடுவது அவன்தான். மேளக்காரர் பக்கத்தில் போய் நின்று, கருவியின் கட்டையில் உள்ளங்கையை வைத்துக்கொள்வான். "கேக்காத புள்ளைக்கு மேளம் எதுக்குடி?" என்று பெரியம்மா ஒருமுறை கேட்டார். அம்மாவிடம் பதில் இல்லை.

எனக்கு அந்தப் பதில் பல வருடம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு கவிஞர் வழியாகக் கிடைத்தது.

1935இல், பாரிஸில் படித்துக்கொண்டிருந்த ஏமே செசேர் விடுமுறைக்கு ஒரு நண்பரின் ஊருக்குப் போனார். அத்ரியாட்டிக் கடலோரத்து ஷிபெனிக், இன்றைய குரோவேசியா. எதிரே தெரிந்த நிலத்தின் பெயரைக் கேட்டார். 'மார்த்தின்ஸ்கா' என்றார்கள். மார்த்தினிக் தீவுக்காரரான செசேருக்கு அது சொந்த ஊர் கூப்பிட்டதுபோல் இருந்திருக்கிறது. தாயகம் திரும்புதல் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நெடுங்கவிதையை அங்கேதான் எழுதத் தொடங்கினார். நம் இலக்கியக் கூட்டங்களில் கதை இத்தோடு முடிந்துவிடும். அந்த நண்பர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

அவர் பெயர் பீட்டர் குபெரினா, மொழியியலாளர். செசேரின் அந்தக் கவிதைக்கு 1956 பதிப்பில் முன்னுரை எழுதியவரும் அவரே. பிரெஞ்சு கற்கும் வெளிநாட்டு மாணவர்களுக்குச் சில ஒலிகள் ஏன் பிடிபடவே மாட்டேன் என்கின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. காதில் குறையில்லை, தாய்மொழிக்குப் பழகிய மூளை மற்ற ஒலிகளை வடிகட்டிவிடுகிறது என்றார். அப்படிப் பார்த்தால் புது மொழியின் முன் நாம் எல்லாருமே கொஞ்சம் செவிடர்கள்தான். இந்த எண்ணத்திலிருந்துதான் 1950களில் காது கேளாத குழந்தைகளுக்கான 'வெர்போட்டோனல்' முறை பிறந்தது. ஸாக்ரெப் நகரில் அதற்கென்று உருவான சுவாக் மையம் இன்றும் இயங்குகிறது.

அதன் அடிப்படை எளிமையானது. கேட்காது என்று சொல்லப்படும் குழந்தைகள் பலருக்குக் கொஞ்சம் கேட்கும் திறன் மிச்சமிருக்கும், பெரும்பாலும் கீழ்ஸ்தாயியில். 'ஸ' போன்ற ஒலிகள் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் உயரத்தில் இருப்பவை, அவை எட்டாது. ஆனால் பேச்சின் ஏற்ற இறக்கமும் தாளமும் சில நூறு ஹெர்ட்ஸுக்குள்ளேயே ஓடுகின்றன. அதற்கும் கீழே போனால் காதே தேவையில்லை, எலும்பும் தோலும் போதும். குபெரினாவின் கருவி அந்தக் கீழ்ப்பகுதியைத்தான் குழந்தைக்குக் கொடுத்தது. மணிக்கட்டில் ஓர் அதிர்வியைக் கட்டுவார்கள், அல்லது அதிரும் பலகைமேல் நிற்க வைப்பார்கள். ஆசிரியை 'பா-பபா' என்று சொல்லிக்கொண்டே குதிப்பார், கைவீசுவார். குழந்தையும் கூடவே குதிக்கும். இறுக்கமான ஒலிக்கு இறுக்கமான அசைவு, தளர்ந்த ஒலிக்குத் தளர்ந்த அசைவு. சொல்லும் பொருளும் பிறகுதான்.

நமக்கு இது அந்நியமில்லை. தொல்காப்பியம் மாத்திரைக்கு எதை அளவாக வைத்தது? கண் இமைப்பதையும் விரல் நொடிப்பதையும். இமைப்பதில் சத்தமே கிடையாது.

இருந்தாலும் குபெரினாவை முழுசாகக் கொண்டாட என்னால் முடியவில்லை. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, பள்ளிகளில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்த மாநாட்டு மரபு 2010இல்தான் வான்கூவரில் அதற்கு வருத்தம் தெரிவித்தது. நூற்று முப்பது வருடம்! குபெரினாவின் முறை அன்பானது, விளையாட்டு நிறைந்தது. ஆனாலும் அது போய்ச் சேரும் இடம் வாய்ப்பேச்சுதான். இதற்கு மறுபக்கமும் அதே காலத்தில் இங்கேயே இருந்தது. 1954இல் சிங்கப்பூரில், தானே காது கேளாதவரான பெங் சூ யிங் சைகைமொழியில் கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார்.

எங்கள் வீட்டுக்கு அந்தச் சேதி வரவில்லை. தம்பியை முதலில் சேர்த்த இடத்தில், "கையால பேசினா வாய் வராதும்மா, நீங்க கத்துக்காதீங்க" என்று அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா கத்துக்கவில்லை. வாயும் பெரிதாக வரவில்லை. பிறகு அவன் வேறு பள்ளியில், நண்பர்களிடமிருந்து சைகைமொழியைப் பிடித்துக்கொண்டான், படிப்பு மலாயில். தமிழ் அவனுக்கு அம்மாவின் உதட்டில் பார்த்த அளவுதான். இன்றும் அம்மாவுக்கும் அவனுக்கும் நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். தாளத்தைப் பேச்சுக்கு ஏணியாக மட்டும் பார்த்தவர்கள்மேல் எனக்கு இருக்கும் கோபம் இங்கேதான் தொடங்குகிறது. சைகைக்கும் தாளம் உண்டு. நண்பர்களோடு அவன் அரட்டை அடிக்கும்போது பார்த்தால் தெரியும், கை எங்கே நிற்கிறது, எங்கே பாய்கிறது என்று.

இந்தக் கட்டுரையை எழுதும்போது அவனுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன், மேளம் எங்கே கேட்கும் என்று. 'டி பெருட், காக்' என்று பதில் வந்தது. வயிற்றில். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று அனுப்பினான்: ஊர்வலம் தாண்டிப் போனபிறகு முதுகில்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "எனக்கும் அப்படித்தான்டி" என்றார்.