சாமந்தித் தலையணை

நறுமணத் தழைகளையும் மலர்களையும் உறையில் அடைத்துத் தலைக்கு வைத்துறங்கும் வழக்கம் சீனரிடையே மிகப் பழையது. சாங்ஷா நகரை அடுத்த மாவாங்துய் என்னுமிடத்தில் 1972ஆம் ஆண்டு ஒரு கல்லறை அகழப்பட்டது. அதில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரபு ஒருவரின் மனைவியுடைய உடலும், அவருடன் வைத்த பொருள்களும் கெடாமல் கிடைத்தன. அவற்றுள் ஒன்று பூவேலை செய்த பட்டுத் தலையணை. அதன் உள்ளே இருந்தது பஞ்சன்று. பெய்லான் என்னும் மணமூலிகையின் இலை.

பிற்காலத்தில் தலையணைக்குச் சாமந்தியே சிறந்ததெனப் பலர் போற்றலாயினர். நம் நாட்டுச் சீன மருந்துக்கடைகளில் தேநீருக்கென விற்கும் உலர்ந்த மலர் இவ்வினத்ததே. லீ ஷிச்சென் 1578இல் எழுதி முடித்த மருந்து நூலில் 'கண்தெளிவுத் தலையணை' ஒன்று கூறப்படுகிறது. கசப்புப் பக்வீட் தானியத்தின் உமி, கறுப்பு மொச்சைத் தோல், பாசிப்பயற்றுத் தோல், தகரை விதை, சாமந்திப்பூ ஆகியவற்றைச் சேர்த்து அடைத்தால் முதுமையிலும் பார்வை மங்காதாம். உறக்கத்தைப் பற்றி அக்குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை. இதனை உறக்க மருந்தென்றே இன்று விற்போர் இதை நோக்குதல் நன்று.

எனினும் இத்தலையணையின் வரலாற்றில் மருத்துவரினும் ஒரு புலவரே நெஞ்சில் நிற்கிறார். அவர் சோங் அரச மரபுக் காலத்து லூ யூ (1125–1210). இளமையில் மணந்த மனைவியை, தம் தாய் விரும்பாமையால், அவர் பிரிய நேர்ந்தது. அவ்வம்மையார் வேறொருவரை மணந்து, சில ஆண்டுகளில் மறைந்தார் என்பர்.

சீனர் வயதுக் கணக்கில் இருபதாம் அகவையில் லூ யூ சாமந்தித் தலையணை பற்றி ஒரு பாட்டு இயற்றினார். அது பலரிடையே பரவிற்று. ஆனால் நமக்குக் கிடைக்கவில்லை. 1187இல் யென்சௌ என்னும் ஊரில் ஆட்சித் தலைவராய் இருந்தபோது, அவர் மீண்டும் சாமந்தி பறித்துத் தலையணை உறை தைக்க நேர்ந்தது. உடனே பழைய பாட்டு நினைவுக்கு வர, சிறு பாடல்கள் இரண்டை எழுதி, காரணத்தையும் தலைப்பிலேயே குறித்து வைத்தார்.

மனைவியின் பெயர் அவற்றில் யாண்டும் இல்லை. ஆயினும் முதற்பாட்டு மணவாழ்வின் தொடக்க நாளதென்று அறிஞர் கொள்வது பொருத்தமே. 43 ஆண்டு எனப் புலவர் தாமே சொல்லும் கணக்கு அக்காலத்தில்தான் சென்று நிற்கிறது. தலையணை தமக்கு நல்லுறக்கம் தந்ததாக அவர் பாடவில்லை. அந்த மணம் எழுப்பிய நினைவைச் சொல்லிக்கொள்ள விளக்கருகே ஒருவரும் இல்லையே என்றுதான் வருந்தினார். அவருக்கு அப்போது வயது 63.