வேலி யாருக்கு?

“வேலிக்கு அந்தாண்ட நில்லு.” தருமபுரிப் பக்கத்துச் சேரிப் பிள்ளைகள் ‘வேலி’ என்று எழுதக் கற்பதற்கு முன்பே காதால் கற்ற சொல் இது. எங்க பாட்டி களையெடுக்கப் போன கொல்லையிலும் முள்படலுக்கு வெளியே உட்கார வச்சுத்தான் கூழ் ஊத்துவாங்க. உழைப்பு உள்ளே, சோறு வெளியே.

சொல் பழசு. சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. ஒசூரைத் தாண்டினால் கன்னடத்தில் ‘பேலி’. நம்ம வெள்ளி அங்கே ‘பெள்ளி’ ஆவதுபோலத்தான். மலையாளத்திலும் வேலிதான். அப்படியானால் இந்த மொழிகள் பிரிவதற்கு முன்பே பிறந்த சொல் இது. ஆடுமாடு பயிரை மேயாமல் காப்பது அதன் வேலை. அதில் குற்றமொன்றும் இல்லை.

ஆனால் வேலிக்கு இன்னொரு பொருளும் உண்டு: நில அளவு. 20 மா ஒரு வேலி. ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். பொருநராற்றுப்படை காலத்திலேயே காவிரிக்கரையில் விளைச்சலை வேலிக்கணக்கில் சொன்னார்கள். அடைத்த முள்ளின் பெயரே அடைபட்ட நிலத்துக்கும் ஆயிற்று. ராசராசன் தஞ்சைக் கோயில் கல்வெட்டைப் பாருங்கள். ஊர்நிலத்தை வேலி, மா என்று நுணுக்கமாய் அளந்து, வரி இல்லாத இடங்களைக் கழிக்கிறார்கள். குளம், சுடுகாடு, அவற்றோடு பறைச்சேரி! நிலம் வரவில், நாம் கழிவில்.

ஆக, வேலி என்றால் உடையவனுக்கு நிலம். நமக்கு முள் மட்டும்.

2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். சாதி தாண்டி ஒரு பொண்ணும் பையனும் கல்யாணம் பண்ணிக்கிட்டதுதான் சாக்கு. மரங்களை வெட்டி ரோட்டில் போட்டு வழியடைத்தார்கள். அதுவும் வேலிதானே? சாதி தாண்டக் கூடாது என்று கட்டிய வேலி.

‘வேலியே பயிரை மேஞ்சிடுச்சு’ என்று ஊரில் பழமொழி பேசுகிறார்கள். அதைச் சொல்லி அழவும் ஒரு துண்டு பயிர் வேணும். 1892இல் வெள்ளைக்கார அரசு நமக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் கைமாறாமல் இருந்திருந்தால், நாமும் ஒரு வேலி போட்டிருப்போம். மாட்டுக்காக, மனுசனுக்காக இல்ல.